அலமாரியில் காத்திருக்கும் நூல்கள்



நம்முள் பெரும்பாலோர் ஆண்டுதோறும் நூல் வாங்குகிறோம்; ஆனால் வாங்குவதை அறியாமலே வாங்குகிறோம். வியப்பாக இருக்கிறதா? ஊராட்சி அலுவலகம் தரும் வீட்டுவரி இரசீதை எடுத்து ஒருமுறை உற்று நோக்குங்கள். வீட்டு வரியை அடுத்து நூலக வரி என்று ஓர் இனம் காணப்படும். வீட்டு வரி ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு வீதம் அது கணக்கிடப்படுகிறது. 500 ரூபாய் வீட்டு வரி கட்டுகிறவர் 50 ரூபாயை நூலகத்திற்கெனத் தனியே கட்டுகிறார் என்பது பொருள். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் வகுத்த ஏற்பாடு இது. விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகத்திற்கென முதன்முதலாக இயற்றப்பட்ட சட்டமும் அதுவே.

ஆகவே பொது நூலகம் அரசாங்கம் நமக்கு இடும் பிச்சை அன்று. படித்தவர்கள் தமக்குள் அமைத்துக்கொண்ட கழகமும் அன்று. பூம்பாறையில் பூண்டு பயிரிடுகிறவரும், தாண்டிக்குடியில் காப்பிப் பழம் பறிக்கிறவரும், மன்னவனூரில் காரட்டு விளைவிக்கிறவரும் தங்கள் உழைப்பின் ஒரு பகுதியைக் கொடுத்து நிரப்பி வைத்த அலமாரி அது. அந்த அலமாரியில் நமக்காகக் காத்திருக்கும் நூல்களை நாம் எடுத்துப் படிக்கிறோமா? இம்மாதம் நம் சிந்தனைக்கு உரிய கேள்வி இதுவே.

மலைமக்களுக்கு இதில் உள்ள இடர்ப்பாடுகளை நாம் மறந்துவிடவில்லை. ஏழாயிரம் அடி உயரத்தில், மாலை நான்கு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும் ஊர்கள் நம்முடையவை. மன்னவனூரிலிருந்தோ கூக்காலிலிருந்தோ கொடைக்கானலுக்கு வந்து திரும்புவதென்றால் ஒரு நாள் உழைப்பும் பேருந்துக் கட்டணமும் செலவாகும். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் இரவுத் தங்கலுக்கு வழி தேட வேண்டும். இந்நிலையில், "நூலகத்திற்குச் செல்லுங்கள்" என்று பொத்தாம்பொதுவாக உபதேசிப்பதில் பயனில்லை. எப்படிச் செல்வது, எதற்காகச் செல்வது, சென்றால் எதைக் கேட்பது என்று சொல்ல வேண்டும்.

நூலகத்தை மக்களிடம் கொண்டுசென்ற தமிழர் ஒருவரின் வரலாறு இங்கே நமக்கு வழிகாட்டும். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அவர் அமர்த்தப்பட்டார். பதவியேற்ற சில நாள்களிலேயே, ஆளரவமற்ற அந்த அறையில் உட்கார்ந்திருக்க மனமின்றி, மீண்டும் மாணவர்களிடமே போய்விட விரும்பினார். பின்னர் இங்கிலாந்து சென்றபோது, அங்குள்ள நூலகங்களில் தொழிலாளிகளும் குடும்பப் பெண்களும் சிறுவர்களும் வந்து நூல் பெற்றுச் செல்வதைக் கண்டார். அவர் உள்ளம் மாறியது. நூல்களைப் பூட்டிக் காப்பது நூலகரின் வேலை அன்று. அவற்றை ஆட்களிடம் சேர்ப்பதே அவர் வேலை என்று தெளிந்தார். 1931இல் வெளியான தம் நூலில் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்துத் தந்தார். உலகெங்கும் நூலகம் பயில்வோர் இன்றும் அவற்றையே முதற்பாடமாகக் கற்கின்றனர்.

அவ்வைந்தினுள் மூன்றாவது விதி நம் கவனத்திற்கு உரியது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கென ஒரு வாசகர் இருக்கிறார் என்பது அதன் கருத்து. ஒரு நூல் பல ஆண்டுகளாக எவராலும் எடுக்கப்படாமல் கிடக்கிறது என்றால், அது பயனற்ற நூல் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அரங்கநாதனார் அப்படி எண்ணவில்லை. அதற்குரிய வாசகர் எங்கோ இருக்கிறார். இருவரையும் சந்திக்க வைக்க ஒருவரும் முன்வரவில்லை என்பதே அவர் கண்ட உண்மை.

அதே 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்னும் ஓய்வுபெற்ற பொறியாளர், மாட்டு வண்டி ஒன்றில் நூல்களை அடுக்கிச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். உழவர்கள் நூலைத் தேடி வர இயலாதபோது நூல் உழவர்களைத் தேடிச் சென்றது. மோட்டார் வாகனங்கள் ஓடும் இக்காலத்தில், மலைப்பாதையின் வளைவுகளைக் காரணம் காட்டி நாம் சும்மா இருப்பது தகுமா?

நூலையும் வாசகரையும் சந்திக்க வைக்கும் பணி நூலகர் ஒருவரால் மட்டும் ஆகக்கூடியதன்று. அதற்கெனவே பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்னும் அமைப்பு இருக்கிறது. நூலகத்தைப் பயன்படுத்துவோர் ஒன்றுகூடி நூல்களை அறிமுகம் செய்யவும், புதிய நூல்களைப் பரிந்துரைக்கவும், குறைகளை எடுத்துரைக்கவும் ஏற்பட்ட அமைப்பு அது. சில ஊர்களில் அது நன்றாக நடைபெறுகிறது. பல ஊர்களில் பெயரளவில் நிற்கிறது.

நூலை அவையில் படித்துக் காட்டுவது நமக்குப் புதிய வழக்கமா? அன்று. பண்டைத் தமிழ்ப் புலவர் ஒரு நூலை இயற்றினால் அதனை அவையோர் முன் அரங்கேற்றியாக வேண்டும்; அதன்பின்னரே அது நூல் எனப் போற்றப்படும். எழுத்தறியாத பாட்டிமார்கள் இராமகாதையையும் பாரதத்தையும் கேள்வியாலேயே அறிந்திருந்தனர். நேற்றுவரை நம் தேநீர்க் கடைகளில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்டனர். கேட்டுப் படிக்கும் மரபு நம் இரத்தத்தில் ஊறியது. அதைக் கைவிட்ட பின்னரே, படிப்பு என்பது தனியறையில் தேர்வுக்காகச் செய்யும் தண்டனையாக மாறிற்று.

ஆயின் நம் நூல் அறிமுகக் கூட்டங்கள் பல எப்படி நடக்கின்றன? வரவேற்புரை, முன்னிலை வகிப்பவர் உரை, வாழ்த்துரைகள் ஏழு, பொன்னாடைகள் பத்து. நூலைப் பற்றிப் பேச வேண்டியவர் எழுந்திருக்கும்போது கேட்போர் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுகின்றனர். நூலின் பெயரை அழைப்பிதழில் மட்டுமே காண முடிகிறது! இத்தகைய கூட்டத்தால் ஒரு நூலும் தன் வாசகரைச் சந்திப்பதில்லை.

பயனுள்ள கூட்டத்திற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. சில ஒழுங்குகள் போதும். ஒரு கூட்டத்திற்கு ஒரே நூல். பேசுகிறவர் அந்நூலை இறுதிவரை படித்தவராக இருத்தல் வேண்டும். கால் மணி நேரத்தில் முடித்துக்கொள்ளுதல் வேண்டும். நூலிலிருந்து ஒரு பக்கத்தையாவது உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். ஏனெனில் நூலைப் பற்றிய பேச்சைக் காட்டிலும் நூலின் குரலே வாசகரை இழுக்கும். கதையானால் முடிவைச் சொல்லிவிடலாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, பேசப்படும் நூல் அங்கேயே மேசைமீது இருக்க வேண்டும். கூட்டம் கலையும்போது எவரேனும் ஒருவர் அதைத் தம் பெயரில் பதிந்து வீட்டிற்கு எடுத்துச் செல்ல வேண்டும். அப்படி எடுத்துச் சென்றால் கூட்டம் வெற்றி. பிறர் தங்கள் பெயரைக் காத்திருப்போர் வரிசையில் எழுதி வைத்தால் பெருவெற்றி.

இனி, மலைமக்களுக்கு எந்த நூல்களை அறிமுகம் செய்வது என்று பார்ப்போம். கோடையில் வந்து போகும் விருந்தினர் பலருக்குக் கொடைக்கானல் ஏரியும் படகும் மட்டுமே. திரைப்படங்களுக்கோ அது பாட்டுக்குரிய பின்னணி. நம் பிள்ளைகள் தங்கள் மலையைப் பிறர் கண்ணாலேயே பார்த்துப் பழகிவிட்டனர். மலையில் உழுது, மலையில் நனைந்து, மலையில் வாழும் மனிதர்களைப் பற்றிய நூல்கள் தமிழில் உண்டு என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டாவா?

முதலாவதாக, ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'குறிஞ்சித்தேன்'. நீலகிரியின் படகர் சமூகத்தைப் பற்றி 1963இல் வெளிவந்த புதினம் இது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் கொண்டு வயதையும் காலத்தையும் எண்ணும் மக்களின் கதை. பழைய பயிர்த்தொழிலும் புதிய பணப்பயிரும், கூட்டு வாழ்வும் பண ஆசையும் ஒரே குடும்பத்திற்குள் மோதுவதை அவர் காட்டுகிறார். நிலத்தை விற்பதா வைத்துக்கொள்வதா என்று இன்று நம் மலைகளில் எத்தனையோ வீடுகளில் அண்ணன் தம்பியரிடையே பேச்சு நடக்கிறது. அவ்வீடுகளில் படிக்கப்பட வேண்டிய நூல் இது. இவருடைய படைப்புகள் 2009இல் அவர் வாழ்ந்த காலத்திலேயே நாட்டுடைமை ஆக்கப்பட்டன.

இரண்டாவது, 'எரியும் பனிக்காடு'. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்ட புதினத்தை, இரா. முருகவேள் தமிழாக்கினார். வறுமையால் துரத்தப்பட்டு, கங்காணியின் முன்பணத்தை நம்பிச் சமவெளியிலிருந்து மலையேறும் கருப்பன், வள்ளி என்னும் இளம் தம்பதியர் படும் பாடு இதில் விரிகிறது. 2013இல் வந்த 'பரதேசி' திரைப்படத்திற்கு மூலம் இந்நூலே. தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த இளைஞர், தம் பாட்டன் ஏன் வாய் திறந்து தம் இளமையைப் பேசவில்லை என்பதை இதனால் உணர்ந்துகொள்ளக் கூடும். கொடுமைகள் மறைவின்றிச் சொல்லப்படுவதால் இதனைச் சிறுவர் கையில் தரலாகாது; வளர்ந்தோர்க்கே உரியது.

மூன்றாவது, இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) தமிழில் எழுதிய கட்டுரைகளின் தொகுப்பாகிய 'மழைக்காலமும் குயிலோசையும்'. தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்தது. பறவைகளையும் விலங்குகளையும் பற்றிச் சிறுசிறு கட்டுரைகள். ஒவ்வொன்றும் சில நிமிடங்களில் படித்து முடிக்கத் தக்கவை. காட்டெருமை தெருவிலேயே நடமாடும் ஊர் நம்முடையது. அதைக் கண்டு அஞ்சி ஓடுவதும், அருகில் நின்று படம் எடுக்க முனைவதும் தவிர, அதைக் கூர்ந்து நோக்கவும் ஒரு வழி உண்டு என்பதைப் பள்ளிச் சிறுவர் இந்நூலால் கற்பர். இத்தகைய கட்டுரை படிக்கப்படும் நாளில், தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் காட்டை அறிந்த பளியர் சமூகத்துப் பெரியவர் ஒருவரையும் அழைத்துப் பேசச் செய்தால், எழுதப்படாத நூல் ஒன்றையும் பிள்ளைகள் கேட்டவர் ஆவர்.

நான்காவது, குடும்பம் முழுவதும் கூடியிருந்து கேட்க, மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்'. 1879இல் வெளியான இதுவே தமிழின் முதற் புதினம். கத்தோலிக்கரான வேதநாயகர் முன்சீப்பாகப் பணியாற்றியவர். வழக்காடுவோரின் தந்திரங்களையும் வீண் பெருமைகளையும் நாள்தோறும் கண்டவர். கதைக்குள் கதையாக நகைச்சுவை பெருகும் இந்நூலில், கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆளுகிறாள். பெண்களுக்குக் கல்வி எதற்கு என்று கேட்ட காலத்தில் எழுதப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் துணிவு விளங்கும்.

ஐந்தாவது, உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. ஆனந்த விகடனில் 1940 முதல் 1942 வரை தொடராக வந்தமையால் இது சிறிய இயல்களாகப் பிரிந்துள்ளது. இரவுணவுக்குப் பின் நாளொன்றுக்கு ஓர் இயல் படிக்க மிகவும் ஏற்றது. படிப்பதற்காக ஓர் ஏழைச் சிறுவன் எத்தனை ஊர் அலைந்தான் என்பதே இதன் முற்பகுதி. அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சைவ மடத்தில் விளங்கிய பெரும் புலவர். அவருடைய மாணாக்கருள் சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவரும் ஒருவர். 1876இல் அப்பெரியார் உயிர் பிரியும் வேளையில், சாமிநாதையர் திருவாசகம் படிக்க, சவேரிநாத பிள்ளையின் மார்பில் சாய்ந்தவாறே அவர் கண்மூடினார். சமய வேற்றுமை பேசிப் பிரிவினை வளர்ப்போர் பெருகும் நாளில், இந்த ஒரு காட்சியைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினால் போதும். நாம் தனியே உபதேசம் செய்ய வேண்டியதில்லை.

மிக இளைய பிள்ளைகளுக்கு அழ. வள்ளியப்பாவின் பாடல்களும், பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து பத்துத் தொகுதிகளாக வெளிக்கொணர்ந்த 'குழந்தைகள் கலைக்களஞ்சிய'மும் உள்ளன. பிந்தியது பழைய நூலே. அதன் அறிவியற் செய்திகள் சில காலத்தால் பின்தங்கியவை. ஆயினும் அரிய பொருளை எளிய தமிழில் விளக்குவது எப்படி என்பதற்கு இன்றும் அது சான்று.

இங்கே பெற்றோர் சிலர் குறுக்கிடுவர். "கதைப் புத்தகம் படித்தால் பாடப் புத்தகத்தில் மனம் செல்லுமா? தேர்வில் மதிப்பெண் குறையாதா?" என்பது அவர்கள் அச்சம். அச்சம் நியாயமானதே, கடன் வாங்கிப் படிக்க வைக்கும் பெற்றோரின் வயிற்றெரிச்சல் அதில் உண்டு. ஆனால் தேர்வுத்தாளில் ஐந்து வரி வினாவைப் படித்துப் பொருள் கொள்ள இயலாமல் தடுமாறும் பிள்ளைகளை ஆசிரியர்கள் நாள்தோறும் காண்கின்றனர். நூறு பக்கக் கதையை ஆவலோடு படித்து முடித்த பிள்ளைக்கு ஐந்து வரி வினா மலைப்பைத் தராது. கைப்பேசித் திரையில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் பழக்கம் மனத்தை ஓரிடத்தில் நிற்கவிடுவதில்லை. ஒரு கதையின் முடிவை அறியும் ஆவலோ, அதனை ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வைக்கிறது. அந்த ஒரு மணி நேரப் பழக்கமே கல்வியின் அடித்தளம்.

வேறு சிலர், "தகாத நூல்களும் அங்கே உண்டே" என்று தயங்குவர். அதற்கும் வழி, பிள்ளையைத் தடுப்பது அன்று, பிள்ளையோடு செல்வது. தாய் எடுத்த நூலைப் பிள்ளையும், பிள்ளை எடுத்த நூலைத் தாயும் படித்துவிட்டு உணவு வேளையில் பேசிக்கொள்ளும் வீட்டில், தகுந்தது எது, தகாதது எது என்னும் பகுத்தறிவு தானே வளரும்.

ஒரு நூலகம் சில தனி மனிதரின் ஆர்வத்தால் எவ்வளவு உயரக் கூடும், எவ்வளவு எளிதில் அழியக் கூடும் என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. 1933இல் செல்லப்பா என்பவர் தம் இல்லத்திலிருந்தே அண்டை அயலார்க்கு நூல் வழங்கத் தொடங்கினார். அந்தச் சிறு முயற்சியே பொது நூலகமாக வளர்ந்தது. புதிய கட்டடம் எழுப்பப் புனித பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளார் பெரிதும் பாடுபட்டார். நம் அரங்கநாதனாரும் ஆலோசனை வழங்கினார். 1959இல் கட்டடம் திறக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி நாள் இரவு அது எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், மீட்கவே இயலாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. எரியும் நூலகத்தைக் கண்ட அதிர்ச்சியைத் தாங்காமல் பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் உயிர்நீத்தார். நூலகம் என்பது கட்டடம் மட்டும் அன்று, ஒரு மக்களின் நினைவு என்பதை அவர் மரணம் சொல்லவில்லையா? பின்னர் அந்நூலகம் மீண்டும் எழுப்பப்பட்டு மக்களுக்குத் திறக்கப்பட்டது.

நம் நூலகங்களுக்கு எவரும் தீ வைக்கப் போவதில்லை. ஆனால் எவரும் எடுத்துப் படிக்காத நூலைச் செல்லும் கரையானும் மலைமழையின் ஈரமும் சிறுகச் சிறுக அழித்துவிடும். ஆள் வராத நூலகத்திற்கு அலுவலர் குறைவர். பின்னர் நேரம் குறையும். பின்னர் ஒருநாள் கதவு திறவாது. அப்போதும் இரசீதில் நூலக வரி இருந்துகொண்டுதான் இருக்கும்.

ஆகவே செய்யத் தக்கவை சில. கிளை நூலகங்கள் பொதுவாக வெள்ளிக்கிழமையை விடுமுறையாகக் கொண்டு, ஞாயிற்றுக்கிழமையில் திறந்திருப்பவை. கொடைக்கானலில் வாரச் சந்தை கூடுவதும் ஞாயிறன்றே. திருப்பலிக்கும் சந்தைக்கும் எப்படியும் மலையூர்களிலிருந்து மக்கள் வருகின்றனர். காய்கறிப் பையோடு நூலகப் படியையும் ஏறிவிட்டுச் செல்வதற்குத் தனிப் பேருந்துக் கட்டணம் தேவையில்லை. உங்கள் ஊர்ப்புற நூலகத்தின் நேரத்தை முன்னதாகக் கேட்டறிந்து கொள்ளுங்கள். சிறு முன்பணமும் ஆண்டுச் சந்தாவும் செலுத்தி உறுப்பினராகுங்கள். வசதி உள்ளோர் நன்கொடை வழங்கிப் புரவலராகலாம்.

ஒரே ஊரிலிருந்து நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் முறை வைத்துக்கொள்ளலாம்: இந்த ஞாயிறு ஒருவர் நால்வருடைய நூல்களையும் மாற்றி வருவார், அடுத்த ஞாயிறு மற்றொருவர். மன்னார்குடியின் மாட்டு வண்டி செய்த பணியை ஒரு துணிப்பை செய்துவிடும். வேண்டிய நூல் அங்கே இல்லையென்றால் வாளா திரும்பிவிடாமல், நூலகரிடம் நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் எழுதிக் கொடுங்கள். கேட்போர் இருந்தாலன்றி வாங்குவோர் எப்படி அறிவர்? நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அடைமழை பெய்யும் அந்நாள்களில் ஏதேனும் ஒரு மாலை, உங்கள் ஊர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ, பொன்னாடை இல்லாத ஒரு நூல் அறிமுகக் கூட்டத்தை நடத்திப் பாருங்கள்.

நம் மலைச்சரிவுகளில் 2018இல் குறிஞ்சி பூத்தது. அடுத்து 2030இல் பூக்கும் என எதிர்பார்க்கிறோம். அன்று தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு அப்போது பன்னிரண்டு வயது நிறைந்திருக்கும். ஒரு பூப்பிற்கும் அடுத்த பூப்பிற்கும் இடையே அக்குழந்தை எத்தனை நூல்களைப் படித்திருக்கும் என்பது அரசாங்கத்தைப் பொறுத்ததன்று, உங்களைப் பொறுத்தது. மாதம் ஒன்று எனக் கொண்டாலும் 144 நூல்கள் ஆகின்றன. அவற்றிற்கான விலையை நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். எடுத்து வருவது ஒன்றே மீதம்.